மாடியில் குடியிருக்கும் அக்கா பாலியல் தொழில் செய்பவர் என்று தெரிந்தது. அம்மா காலி செய்யச் சொல்கிறார், எனக்கு மனசில்லை

மலைக்கோட்டைக்காரி:

வணக்கம். திருச்சியில் எங்களுக்குச் சொந்த வீடு. கீழே நானும் அம்மாவும் இருக்கிறோம், மாடியில் ஓர் அக்காவும் ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகளும். வாடகை ஒரு நாளும் ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை. மோட்டார் போடுவதில் கூடச் சண்டை வந்ததில்லை, வாடகைக்கு விட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு கடையில் கணக்கு எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தார்.

போன வாரம் தெருக்காரர் ஒருவர் வந்து அம்மாவிடம், "உங்கள் மாடியில் இருக்கிறதே அது, பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜுக்குப் போய் வருகிறது" என்று ஆரம்பித்திருக்கிறார். உங்களுக்கு எப்படிங்க தெரியும் என்று அம்மா திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அன்று ராத்திரி அந்த அக்காவே கீழே இறங்கி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு யாரையும் அழைத்து வந்ததில்லையாம், வருவதாகவும் இல்லை. "காலி பண்ணச் சொன்னால் பண்ணிடறேன், பாப்பாவுக்கு முழுப்பரீட்சை முடியட்டும்" என்றார்.

அம்மாவுக்குப் பயம், கேஸ் நம் மேல் வந்துவிடுமோ என்று. எனக்கு வேறு கவலை. ஒரு மாதமாக அவருக்கு அடிவயிற்றில் வலி. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், சீட்டு போடும் இடத்தில் வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி புருஷன் எங்கே, என்ன வேலை என்று கேட்டு, இவர் பதில் சொல்லத் தயங்கியதும் உள்ளே இருந்தவரிடம் "அந்த மாதிரி கேஸ் ஒண்ணு வந்திருக்கு" என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். பேசாமல் திரும்பி வந்துவிட்டார், அதற்கப்புறம் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார். ஆதார் பழைய ஊர் விலாசத்தில் இருக்கிறது, ரேஷன் கார்டில் இன்னும் விட்டுப்போன புருஷன் வீட்டில்தான் பெயர். எங்களோடு வாடகை ஒப்பந்தம் எதுவும் போடவில்லை, வாய்ப்பேச்சுதான்.

சட்டப்படி எங்களுக்குச் சிக்கல் உண்டா? நான் அவருக்கு என்ன செய்யலாம்? பெரிய மனசு பண்ணுகிற மாதிரி அவருக்குத் தோன்றக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம்.

நாலும்_தெரிந்தவன்:

தங்கச்சி, நல்லெண்ணம் எல்லாம் சரி. ஆனால் வீடு உங்களுடையது, பெயரும் உங்களுடையது. நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவன் தெருவில் விசாரிப்பான். பரீட்சை வரைக்கும் டைம் கொடு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடு, நல்லபடியாக அனுப்பி வை. அந்த அம்மாவுக்கு உண்மையில் உதவ வேண்டுமென்றால் ஏதாவது மறுவாழ்வு இல்லத்தில் சொல்லு, தையல் மிஷின் வாங்கிக் கொடுப்பார்கள், கௌரவமாக வாழட்டும். அதை விட்டுவிட்டு உரிமை அது இதுவென்று இறங்கினால் முதலில் வீட்டை வாடகைக்கு விட்டவர் கையில்தான் விலங்கு.

கருப்புக்கோட்டு:

மேலே இருப்பவர் சட்டத்தைப் பற்றிச் சொன்ன ஒரே வரியும் தப்பு, அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் நாட்டில் இதற்கு இருப்பது 1956 சட்டம், 1986 திருத்தத்துக்குப் பிறகு ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் என்று பெயர். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் தனியாக இந்தத் தொழில் செய்வதை இந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. அதைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது, அது வேறு கதை. பாலியல் தொழில் விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, தெருவில் நின்று அழைப்பது, கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது, இதெல்லாம் குற்றம். நம் ஊரில் எந்த இடத்திலிருந்து அளந்தாலும் 200 மீட்டருக்குள் ஒரு பிள்ளையார் கோயில் வந்துவிடும், போலீசுக்கு அது போதும். இரண்டு பெண்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் தொழில் செய்தால் அந்த வீடே விடுதி ஆகிவிடும். தனியாக இருந்தால் ஆபத்து என்று சேர்ந்து இருந்தாலும் சட்டம் அப்படித்தான் பார்க்கும்.

வீட்டுக்காரர் மேல் வழக்கு வருவது 3ஆம் பிரிவில். வீட்டை விடுதியாகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தே வாடகைக்கு விட்டால், அல்லது அப்படி நடப்பதற்குத் தெரிந்தே உடன்பட்டால், முதல் தடவை 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். உங்கள் மாடியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு தாயும் மகளும் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் வீடு அது. அவர் வெளியே என்ன வேலை செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பது குற்றமாகாது. 4ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அவருடைய வருமானத்தில் வாழும் 18 வயது தாண்டிய எவரும் குற்றவாளி என்று. வயதான தாயார், காலேஜ் போகும் மகன் எல்லாரும் அதில் மாட்டலாம், அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் அவர் குடியிருப்பதற்குக் கொடுக்கும் நியாயமான வாடகையை வாங்குவதை அந்தப் பிரிவுக்குள் இழுத்துப் போட முடியாது.

போலீஸ் வந்தால்? வாரண்ட் இல்லாமல் சோதனை போட ஆய்வாளர் நிலைக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரி வேண்டும், கூட இரண்டு பெண் போலீசாவது இருக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் மரியாதையான இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து கதவைத் தட்டினால் திறக்காமலேயே பேசலாம். மகாராஷ்டிராவில் ஒரு காவல் ஆய்வாளர் இப்படித்தான் ஒரு பெண்ணின் குடிசைக்கு ராத்திரியில் போய் வம்பு செய்து வேலை போனது. அவள் நடத்தை சரியில்லாதவள், அவள் பேச்சை நம்பலாமா என்று அவர் தரப்பில் வாதாடினார்கள். எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தாலும் தன் வீட்டுக்குள் இஷ்டத்துக்கு எவனும் நுழையக் கூடாது என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 1990 அக்டோபரில் வந்து 1991 தொகுப்புகளில் ஏறிய தீர்ப்பு, இன்றைக்கும் பல காவல் நிலையங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

இதைவிடப் பெரியது உச்ச நீதிமன்றத்தின் 2022 மே 19 உத்தரவு. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளியை அடித்துக் கொன்ற வழக்கு அது. 2011இல் கொலைகாரனின் தண்டனையை உறுதி செய்த நீதிபதிகள், அதோடு கோப்பை மூடாமல் இந்தப் பெண்களின் நிலைமையை ஆராய ஒரு குழுவும் போட்டார்கள். அந்தக் குழு சொன்னதில் சிலவற்றுக்கு மத்திய அரசு ஆட்சேபம் சொன்னதால், ஒப்புக்கொண்டவற்றை உடனே நடைமுறைப்படுத்தச் சொல்லி நீதிபதி நாகேஸ்வர ராவ் அமர்வு உத்தரவு போட்டது. போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும், திட்டவோ அடிக்கவோ கூடாது. கையில் ஆணுறை இருந்ததைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானால் மற்ற எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும் மருத்துவ உதவி அவருக்கும் கிடைக்க வேண்டும். பத்திரிகைகள் முகத்தையும் பெயரையும் போடக் கூடாது.

உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி ஒரு கையெழுத்து. வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும் என்று 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டமே சொல்கிறது, அதனால் நீங்கள் சலுகை காட்டுகிறீர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதை வைத்து ஆதார் விலாசம் மாற்றலாம், அதற்குப் பிறகு பழைய குடும்ப அட்டையில் பெயர் நீக்கம், புது அட்டைக்கு மனு. குடும்ப அட்டை இல்லாமல் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இல்லை, 2023 செப்டம்பரிலிருந்து கொடுக்கும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் இல்லை. விலாசச் சான்று எதுவுமே இல்லாத பெண்களுக்கு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்றிதழை வைத்தே ஆதார் கொடுக்க வேண்டும், தொழில் தெரியும்படி எந்தக் குறியீடும் அதில் இருக்கக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. உங்கள் அக்காவுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படாது.

ஊசிஅக்கா:

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததைப் படித்து ஆச்சரியமாக இல்லை, அதுதான் வருத்தம்.

முதலில் வலி. ஒரு மாதமாக அடிவயிற்று வலி என்றால் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் விடாதீர்கள். கர்ப்பப்பையிலும் குழாயிலும் கிருமித்தொற்று ஏறியிருக்கலாம், அதற்குச் சரியான ஆன்டிபயாடிக்கைக் கணக்காகச் சாப்பிட்டால் குணமாகும், அரைகுறையாகப் போட்டால் உள்ளே தங்கி நாள்பட்ட வலியாகிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேளுங்கள், தள்ளிப்போய் ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்தாலோ தலைசுற்றி மயக்கம் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போகணும், குழாயில் கரு தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சுகவாழ்வு மையம் என்று ஒரு அறை இருக்கும், பால்வினை நோய்களுக்கானது. பக்கத்திலேயோ அதே கட்டடத்திலேயோ நம்பிக்கை மையம் இருக்கும், அங்கே எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பொது வரிசையில் போய் மாட்டிக்கொள்ளாமல் நேராக அங்கே உட்கார்ந்திருக்கும் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புருஷன் பெயர் தேவையில்லை, எந்த மாதிரி ஆபத்து இருந்திருக்கிறது என்பதுதான் தேவை. இடம் தெரியவில்லை என்றால் 1097க்குப் போன் போட்டுக் கேட்கலாம், காசு கிடையாது.

பரிசோதனை என்றாலே இந்தப் பெண்களில் நிறைய பேர் பின்வாங்குவார்கள், அதற்கு நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. 1986இல் இந்தியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா, போலீஸ் பிடித்துக் காப்பு இல்லத்தில் வைத்திருந்த பாலியல் தொழில் பெண்களிடம் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூருக்குப் போய், அதில் ஆறு பேருக்கு இருப்பது தெரிந்தது. மருத்துவத்துக்கு அது பெரிய கண்டுபிடிப்பு, நிர்மலா பட்ட பாட்டை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. அப்புறம் தொற்று இருக்கிறது என்பதையே காரணம் காட்டி, தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள், உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வெளியே வந்தார்கள். இன்றைக்கு நிலைமை வேறு. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் யாரும் பரிசோதிக்க முடியாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. தொற்று இருந்தாலும் அன்றே கூட்டு மருந்துக்குப் பதிவு செய்வார்கள், மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. ஆணுறை கிழிந்தாலோ, எவனாவது பலவந்தம் செய்தாலோ 72 மணி நேரத்துக்குள் போனால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை கொடுப்பார்கள், எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, நாங்களே மறந்துவிடுவது. இந்தப் பெண்கள் வந்தால் எச்.ஐ.வி.யைத் தவிர வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை, சர்க்கரை, ரத்தச் சோகை, தூக்கம் வருகிறதா இல்லையா, இதெல்லாம் அவர்களுக்கும் உண்டு. போகிற அன்றே கர்ப்பப்பை வாயையும் பார்த்துவிடுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள்.

நீங்கள் கூடப் போவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். டாக்டர் அறைக்குள் போகாமல் வெளியே உட்காருங்கள்.

பெயர்_வேண்டாம்:

நான் இந்தத் தொழிலில் இருப்பவள். எங்கள் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் சக தோழியாகவும் வேலை பார்க்கிறேன், அதாவது எங்கள் பெண்களைத் தேடிப் போய் ஆணுறை கொடுப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கும் கூட்டிக்கொண்டு போவது.

நாலும் தெரிந்த அண்ணாவுக்கு முதலில். தையல் மிஷின் எனக்கும் கொடுத்தார்கள் அண்ணா. மேடையில் ஏற்றிப் போட்டோ எடுத்தார்கள், மறுநாள் பேப்பரில் வந்தது, என் தம்பி பார்த்துவிட்டான். ஜாக்கெட் தைத்தால் என் தெருவில் என்ன கிடைக்கும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த மிஷினை விற்றுத்தான் தண்டல் பாக்கியைக் கட்டினேன். வேறு வேலைக்குப் போக நினைக்கிறவளுக்கு வழி காட்டுங்கள், கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். ஆனால் அவளைக் கேட்காமலே அவள் கௌரவம் எது என்று நீங்கள் முடிவு பண்ணி, வீட்டையும் பிடுங்கிவிட்டு மிஷினைக் கொடுத்தால் அதை எங்கே வைத்துத் தைப்பாள்? காப்பு இல்லம் என்பது வெளியே பூட்டு போட்ட இடம். மாஜிஸ்திரேட் ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை உள்ளே வைக்கச் சொல்லலாம், அதுவரைக்கும் பிள்ளை யாரிடம் இருக்கும்?

பதினெட்டு வயசு ஆகாத பெண்ணை எவனாவது இதில் தள்ளினால், ஏமாற்றியோ அடைத்து வைத்தோ தொழில் செய்ய வைத்தால், அது வேறு. அங்கே 1098க்கும் போலீசுக்கும் முதலில் போன் பண்ணுவது நாங்களாகத்தான் இருப்போம், ஏனென்றால் புதிதாக ஒரு முகம் வந்தால் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். கல்கத்தாவில் எங்கள் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதியில், எங்களைப் போன்றவர்களே நடத்தும் தர்பார் சங்கத்து அக்காமார்கள் இதற்கென்று தனிக் குழுவே வைத்திருக்கிறார்கள். 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா அங்கே நோய்த்தடுப்பு வேலைக்குப் போனபோது, அந்தப் பெண்களையே சம்பளம் கொடுத்து ஊழியராக்கினார். அதிலிருந்துதான் 1995இல் சங்கமும் வந்தது, உஷா என்ற கூட்டுறவு வங்கியும் வந்தது. கந்து வட்டிக்காரனிடமிருந்து வெளியே வந்தவள்தான் ஆணுறை இல்லாமல் வருகிறவனைப் போடா என்று சொல்ல முடியும். நாளைக்குத் தவணை கட்ட வேண்டியவள் நூறு இருநூறு கூடக் கொடுத்தால் ஒத்துக்கொள்வாள், அவளுக்கு எத்தனை விழிப்புணர்வு கூட்டம் போட்டாலும் சரி.

ஆணுறையைச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்று வக்கீல் சார் எழுதியிருக்கிறார். தாளில் சரி சார். நான் இன்றைக்கும் அதை ஹேண்ட்பேக்கில் வைப்பதில்லை, சானிட்டரி பேட் கவருக்குள் வைத்து ஒட்டித்தான் எடுத்துப் போகிறேன், ஆண் போலீஸ் அதைத் தொட மாட்டான் என்று. எங்கள் பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் குற்றத்தை ஒப்புக்கொள், அபராதம் கட்டிவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்பார்கள். ஒப்புக்கொண்டால் உன் பெயரில் அது நிற்கும். 15100க்குப் போன் பண்ணி இலவச சட்ட உதவி கேளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான், கொஞ்சம் அலைச்சல் என்றாலும்.

இப்போது உங்களுக்கு, தங்கச்சி. அந்த அக்கா தானாக இறங்கி வந்து சொன்னாரே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். எப்படி இதில் வந்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அதைக் கேட்காத ஆளே எங்களுக்குக் கிடைப்பதில்லை. ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். அவர் தொழிலுக்குப் போகும் சாயங்காலம் பாப்பா உங்கள் வீட்டில் வந்து படிக்கட்டும், அவர் கேட்டால் மட்டும். தெருக்காரர் மறுபடி வந்தால், வாடகை ஒழுங்காக வருகிறது, வேறு எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்று உங்கள் அம்மா சொன்னால் போதும். ஆஸ்பத்திரிக்கு அதே தொழிலில் இருக்கும் ஒருத்தி கூட வந்தால் இன்னும் சுலபம், 1097இல் உங்கள் மாவட்டத்தில் எந்த அமைப்பு இந்தத் திட்டத்தை நடத்துகிறது என்று கேட்டால் சொல்வார்கள். அங்கே வரும் டாக்டரம்மா எங்களை வா போ என்று பேசுவதில்லை.

மலைக்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. 3ஆம் பிரிவைப் பற்றி வக்கீல் சார் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "அப்ப நம்ம மேல கேஸ் இல்லைல்ல" என்று மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, சரி, ஒப்பந்தம் போடு, ஆனால் தெருவில் நான் பேச மாட்டேன், நீயே பேசிக்கொள் என்றுவிட்டார். இப்போதைக்கு அது போதும்.

அக்காவிடம் 1097 பற்றிச் சொன்னேன், அவரே பேசினார். செவ்வாய்க்கிழமை போகிறார், அந்த அமைப்பிலிருந்து ஒருத்தர் கூட வருகிறாராம், என்னை வர வேண்டாம் என்றுவிட்டார். நாள் தள்ளிப்போகவில்லை, காய்ச்சலும் இல்லை, அதையும் கேட்டுக்கொண்டேன் ஊசிஅக்கா.

ஒரு சந்தேகம். ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாற்ற வேண்டும். விண்ணப்பத்தில் தந்தை பெயர் கேட்பார்கள், அவனுடைய பெயரைப் போட அக்காவுக்கு இஷ்டமில்லை. வேறு வழி உண்டா?

கருப்புக்கோட்டு:

தாய் பெயரைப் போட்டாலே போதும், தாயின் முதலெழுத்தையே இனிஷியலாகவும் வைக்கலாம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் காப்பாளராக இருக்கத் தந்தை பெயரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது திருமணமாகாத ஒரு தாயின் வழக்கு, ஆனாலும் பள்ளியில் எடுத்துக்காட்டலாம். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ஏற்கெனவே அவன் பெயர் இருந்தால் அதை எடுப்பது வேறு வேலை, இப்போது அதைத் தொடாதீர்கள். மாற்றுச் சான்றிதழில் இனிஷியல் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள், இரண்டும் வேறு வேறாக இருந்தால் பத்தாம் வகுப்பில் வந்து நிற்கும். தலைமை ஆசிரியர் முரண்டு பிடித்தால் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் பெரும்பாலும் எழுத்தில் மறுப்பதில்லை.